நெதர்லாந்து சூட்டர்மேரில் சின்ன அபார்ட்மென்ட்: நாளை மதியத்துக்குள் விலை சொல்லணும், உதவுங்கள்

ரைஸ்வைக்வாசி:
வணக்கம். ரொம்பப் பதற்றத்தில் எழுதுகிறேன். நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை ஓனர் விற்கப்போகிறாராம். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மனைவிக்கு இது ஆறாம் மாதம். வேறு வாடகை வீடு தேடினால் பதிலே வருவதில்லை. போன வாரம் ஃபுண்டா என்கிற வீட்டு விற்பனைத் தளத்தில் பார்த்து, சூட்டர்மேரில் மேர்சிக்ட் பகுதிக்கு ஒரு சின்ன அபார்ட்மென்ட் பார்க்கப் போனோம். 58 சதுர மீட்டர், நான்காவது மாடி. நாங்கள் தேடியதுபோல அமைதியான இடம், பால்கனிக்கு எதிரே முழுக்க மரங்கள், வெஸ்டர்பார்க் பூங்கா நடந்துபோகும் தூரம். கேட்கும் விலை 2,75,000 யூரோ. நாளை மதியம் 12 மணிக்குள் எங்கள் விலையை எழுதிக் கொடுக்கணும். எந்த நிபந்தனையும் போடாமல் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார் மாகெலார் (வீட்டுத் தரகர்). எவ்வளவு கூட்டிச் சொல்லலாம்?

குளிர்காற்று:
வாங்காதீர்கள் ப்ரோ. நாங்கள் வந்தது ஒரு நவம்பரில். நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. முகவரி பதிய விடாத ஒரு அறை. பதிவு இல்லாமல் பிஎஸ்என் என்கிற குடிமக்கள் எண் கிடைக்கவில்லை, அது இல்லாமல் சம்பளக் கணக்குத் திறக்க முடியவில்லை. பெட்டியைப் பிரிக்காமலே அந்தக் குளிர்காலம் போனது. வெயில் காலத்தில் பார்த்தால் இங்கே எல்லாத் தெருவும் அழகுதான். இரண்டு குளிர்காலமாவது வாடகையில் இருந்து ஊரைப் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வாங்கலாம்.

ஆம்ஸ்டல்வேன் அக்கா:
வாடகைக்கே வீடு கிடைக்கவில்லை என்றுதானே தம்பி எழுதியிருக்கிறார்? கட்டுகிற வாடகை திரும்பி வராது, வாங்குவதே நல்லது. ஆனால் ஏன் சூட்டர்மேர்? எங்கள் பக்கம் நம்மவர்கள் நிறைய. கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை கடையில் இருக்கும். பிரசவத்துக்கு அம்மா வந்தால் பேச்சுத்துணைக்கும் ஆள் உண்டு. காடு வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம்ஸே போஸ் பக்கத்திலேயே.

குளிர்காற்று:
அந்த விலைக்கு அங்கே என்ன கிடைக்கும் அக்கா? பௌட்டன்வெல்டர்ட் ஓடுபாதையைத் திறந்துவிட்டால் விமானம் தலைக்கு மேலேயே போகிறது. அமைதியான இடம் வேண்டும் என்கிறார் அவர்.

முந்தி வந்தவன்:
தம்பி, நாங்கள் 90களில் இலங்கையில் இருந்து வந்து அகதி முகாமில் இருந்தனாங்கள். ஒரு அறையில் நாலு பேர், அடுப்புக்கு வரிசை. பிறகு நகரசபை தந்த வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்தோம். அப்போது வீடு வாங்கின ஆட்கள் இப்ப நல்லா இருக்கினம். பயப்படாமல் வாங்குங்கோ.

பிரபாகர்ணி:
இப்போது வருகிறவர்களுக்கு வீடும் இல்லை, டாக்டரும் இல்லை. என் பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல், பாரசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் மழை வேறு.

ஆம்ஸ்டல்வேன் அக்கா:
அதை ஏன் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

டெல்ஃப்ட்காரன்:
டாக்டர் கதையை இன்னொரு நாள் பேசுவோம், இவருக்கு நாளை மதியம் கெடு. ரைஸ்வைக்வாசி, நீங்கள் முக்கியமான எதையும் சொல்லவில்லை. வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் போட்டது? வேலை நிரந்தரமா? இருவருக்கும் வயது என்ன? கையிருப்பு எவ்வளவு? கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கமான விவிஇக்கு மாதாமாதம் எவ்வளவு? இன்னொன்று, அந்த மாகெலார் விற்பவருக்காக வேலை செய்பவர். நிபந்தனை வேண்டாம் என்று சொல்வது அவர் வேலை.

ரைஸ்வைக்வாசி:
ஒப்பந்தம் 2024 செப்டம்பர். வேலை ஒரு வருட ஒப்பந்தம், நீட்டிப்பார்கள் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எனக்கு 33, மனைவிக்கு 30. கையில் 22,000 யூரோ இருக்கிறது. விவிஇ 265 யூரோ.

டெல்ஃப்ட்காரன்:
அப்படியென்றால் அந்தக் கடிதத்துக்காக இப்படி அலைய வேண்டாம். 2024 ஜூலை 1க்குப் பிறகு போட்ட வாடகை ஒப்பந்தங்கள், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் போக, காலவரையறை இல்லாதவை. வீடு கைமாறினாலும் உங்கள் ஒப்பந்தம் புதிய ஓனரோடு அப்படியே தொடரும். ஓனர் தானே திரும்பிவந்து குடியேறுவார் என்கிற மாதிரி ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். காலி செய்கிறேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யூரிடிஷ் லோகெட் என்கிற இலவசச் சட்ட ஆலோசனை மையத்தில் கேளுங்கள், இது அவர்களுக்குப் பழக்கமான கேள்வி.

இப்போது வீட்டுக்கு வருவோம். வங்கி, மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்புக்கு மேல் கடன் தராது. மரம் மட்டை எல்லாம் பிடித்துப்போய் நீங்கள் கூட்டிச் சொல்வது அந்த மதிப்பைத் தாண்டினால், தாண்டியது முழுக்க உங்கள் கைக்காசு. நோட்டரி, மதிப்பீடு, கடன் ஆலோசகர் செலவும் அதே 22,000இல்தான். நிபந்தனையே இல்லாமல் கையெழுத்திட்டு, பிரதி கைக்கு வந்தபின் கிடைக்கும் 3 நாள் அவகாசமும் முடிந்து, அப்புறம் கடன் கிடைக்காவிட்டால், வழக்கமான ஒப்பந்தப்படி அபராதம் விலையில் 10 சதவீதம். 27,500 யூரோ. உங்களிடம் அவ்வளவு இல்லை. ஒரு வருட வேலை ஒப்பந்தம் வேறு. அலுவலகம் நிரந்தரமாக்கும் எண்ணம் உண்டு என்று எழுதித் தந்தால்தான் பல வங்கிகள் அசையும், மேனேஜர் வாயால் சொன்னது போதாது. கடன் கிடைக்காவிட்டால் அபராதமின்றி விலகலாம் என்கிற கடன் நிபந்தனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. இருவரும் 35க்குக் கீழே என்பதால் வீடு வாங்கும்போது கட்டும் 2 சதவீத வரி இல்லை, 5,500 யூரோ மிச்சம். 2025இல் என்ஹெச்ஜி என்கிற தேசிய வீட்டுக்கடன் உத்தரவாதத்தின் வரம்பு 4,50,000, ஆகவே அந்த உத்தரவாதத்தோடு கடன் கேளுங்கள், வட்டி குறையும்.

கேலரி வீட்டுக்காரி:
நான் 70களில் கட்டிய கேலரி ஃபிளாட்டில் (வெளிப்பக்க நடைபாதை வழியாக வீடுகளுக்குப் போகும் அடுக்குமாடி) இருக்கிறேன். 265இல் ஹீட்டிங் சேர்த்தியா என்று கேளுங்கள். சேர்த்தியென்றால் பரவாயில்லை, இல்லையென்றால் அது தனிச் செலவு. எம்ஜேஓபி என்கிற பராமரிப்புத் திட்டத்தையும், கடந்த மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். எங்கள் கட்டடத்துக் குறிப்புகளில் "லிஃப்ட் மாற்றம், அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பு" என்ற ஒரே வரி வருடா வருடம் வந்தது. கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் காசு கேட்டார்கள். 2011இல் லேவார்டனில் ஒரு ஃபிளாட்டின் கேலரி இடிந்து விழுந்தபிறகு, அந்த மாதிரிக் கட்டடங்களின் கான்கிரீட்டைச் சோதிக்கவேண்டும் என்று விதியே போட்டார்கள். உங்களுடையதும் அப்படிப்பட்டதென்றால் அந்த அறிக்கையையும் கேளுங்கள். காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும் ஒரு மாலையில் பால்கனியில் நின்று பாருங்கள், A12 சாலைச் சத்தம் வருகிறதா என்று தெரிந்துவிடும். மரம் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

ரைஸ்வைக்வாசி:
ஒப்பந்தத்தைப் படித்தேன், ஓனர் திரும்பி வரும் பிரிவு இல்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. நாளை காலை 9 மணிக்குக் கடன் ஆலோசகர் பேசுகிறார். அவர் சரியென்றால் 2,78,000, கடன் நிபந்தனையோடு. விவிஇ ஆவணங்கள் கேட்டு மெயில் அனுப்பிவிட்டேன். கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்கிறாள் மனைவி.

கேலரி வீட்டுக்காரி:
கட்டட ஆய்வு நிபந்தனையையும் அதே மெயிலில் எழுதுங்கள். கிடைத்தால் நோட்டரியிடம் முன்பே சொல்லிவையுங்கள், பத்திரம் டச்சில் இருக்கும். உங்களுக்கு டச்சு வராதென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அந்தக் கட்டணம் தனி.