ஜாவ்ஜியும் யூனிகோடும் கலந்த எக்செல் பட்டியல்: பிரிக்க வழி உண்டா?

வணக்கம். யாங்கோனில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். விண்டோஸ் 10, எக்செல் 2016. 2014 முதல் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியல், சுமார் 11,000 வரிகள். பர்மியப் பெயர்கள் பாதி ஜாவ்ஜி (யூனிகோடு தரத்துக்கு ஒத்துவராத பழைய பர்மிய எழுத்துரு முறை), பாதி யூனிகோடு. 2019 அக்டோபரில் அரசு யூனிகோடுக்கு மாறியபின் புதிய வரிகளை மட்டும் அதில் அடித்தார்கள். பிறகு யாரோ அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். பதிவுத் தேதியும் இல்லை.

இரண்டுக்கும் குறியெண் வரம்பு ஒன்றே, அதுதான் சிக்கல். நம் பழைய பாமினி எழுத்துரு போல ஜாவ்ஜியிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். தமிழ்ப் பெயர்கள் நல்லவேளை முதலிலிருந்தே யூனிகோடு.

பியிதாவுன்சு என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினேன், பாதி வரிகள் சிதைந்தே தெரிகின்றன. ஜாவ்ஜியை யூனிகோடாக மாற்றும் ராபிட் கன்வெர்ட்டரில் மொத்தமாகப் போட்டேன், சரியாக இருந்தவை கெட்டன. காப்புப் பிரதி இருந்ததால் பிழைத்தேன். அப்புறம் பைத்தானில், எது ஜாவ்ஜி என்று கணிக்கும் கூகுளின் மியான்மர் டூல்ஸ். நீளமான முகவரிகளைச் சரியாகப் பிரிக்கிறது; இரண்டு மூன்று எழுத்துப் பெயர்களில் ஜாவ்ஜியாக இருக்கும் நிகழ்தகவு 0.5 பக்கமே நிற்கிறது. மூன்று வாரமாக இதே வேலை. ரசீதில் ஒருவர் பெயர் உடைந்து அச்சாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முகவரி ஜாவ்ஜி என்று தெரிந்தால், அதே வரியின் பெயரையும் ஜாவ்ஜி என்றே எடுத்து மாற்றலாமா?