வெயில் வாசலுக்கும் இருட்டு நடைக்கும் எந்தச் செடிகள்?

வணக்கம். எங்கள் வாசலில் மதியம் தொடங்கி மாலை வரை மேற்கு வெயில் சுட்டெரிக்கிறது. கதவைத் தாண்டினால் நேர்மாறு: ஜன்னலே இல்லாத குறுகிய நடை, பகலிலும் விளக்கு வேண்டும்.

வெளியே காகிதப்பூ வைக்க ஆசை. வெயில் அதற்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அதன் முள் வருபவர்களின் உடையைப் பிடித்து இழுக்குமே! கத்தரித்துக் குட்டையாக வளர்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

பெரிய குழப்பம் உள்ளேதான். எல்லோரும் மணி பிளான்ட்டைச் சொல்கிறார்கள். குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும், சரி. ஆனால் வீட்டில் தவழும் குழந்தை, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள். அந்த இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். உயரத்தில் தொங்கவிட்டாலும் கொடி கீழே இறங்கிவிடும், உதிரும் இலை தரைக்குத்தான் வரும்.

ஸ்பைடர் செடி நச்சற்றது என்பதால் அதன்மீது ஒரு கண். ஜன்னல் வெளிச்சமே படாமல் எல்.இ.டி. விளக்கில் மட்டும் அது வளருமா? தினமும் எத்தனை மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்? அல்லது இரண்டு தொட்டிகளை வாரம் மாற்றி வாரம் வெளிச்சமான அறைக்குக் கொண்டுபோனால் போதுமா?

வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிளாஸ்டிக் செடி யோசனை மட்டும் வேண்டாம், தூசி துடைக்க என்னால் ஆகாது.