குடும்பத் தூண்டில் நாள்: கணக்கு பார்த்தபோது

குழு: சாட்ஸ்வொர்த் வீட்டார் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

மாமா: எல்லோருக்கும் மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற குடும்பத் தூண்டில் நாளை அக்டோபரில் மறுபடி வைத்துவிடலாமா? ஜூனில் ப்ளூ லகூன் முகத்துவாரத்துக்கு 31 பேர் வந்தோம். அமோக வெற்றி! 🎣

அக்கா: பாதிப் பேர் பிரியாணிக்கு வந்தவர்கள் மாமா 😄

மாமா: வந்தார்களா இல்லையா?

அக்கா: அதற்கு அப்புறம் யார் தூண்டிலைத் தூக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் பையன்கள் இரண்டு பேரையும் சேர்க்கக் கூடாது. அவர்கள் முன்பிருந்தே போகிறவர்கள்.

நான்: அமெரிக்காவில் சில மாநிலங்களில், இப்படித் தூண்டில் பயிற்சிக்கு வந்தவர்கள் அடுத்த வருஷம் மீன்பிடி உரிமம் வாங்கினார்களா என்று பதிவேட்டில் தேடிப் பார்க்கிறார்கள். ஆனால் பல இடங்களில் 16 வயதுக்குக் கீழே உரிமமே வேண்டாம். பிள்ளைகள் அந்தக் கணக்கில் சிக்க மாட்டார்கள்.

அக்கா: குடும்ப நாளில் முக்கால்வாசி பிள்ளைகள்தானே! சரி, நேராகக் கேட்கிறேன். ஜூனுக்கு அப்புறம் யார் போனீர்கள்?

மச்சான்: போக நினைத்தேன். தூண்டில் கழி இல்லை.

சித்தி: சின்னவன் தினமும் நச்சரிக்கிறான். கூட்டிப் போகத்தான் ஆள் இல்லை.

சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 🙄

மாமா: துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் நம் ஆட்கள் வலை இழுத்த காலத்தில் இதற்கெல்லாம் பயிற்சியா வைத்தார்கள்?

அக்கா: அப்போது வாசலில் கடல் இருந்தது மாமா. அங்கிருந்து கிளப்பிவிட்ட பிறகு மீன் கடையில்தானே பார்க்கிறோம்.

அத்தை: நான் மூன்று தடவை போனேன்.

மாமா: எப்போது???

அத்தை: நீங்கள் கிரிக்கெட் பார்க்கும்போது. தபால் ஆபீசில் மீன்பிடி பெர்மிட்டும் வாங்கிவிட்டேன். ஒரு ஷேட் மீன் மாட்டியது, குறைந்தபட்ச அளவான 30 செ.மீ.க்கு ஒரு விரற்கடை குறைவு. திருப்பி விட்டுவிட்டேன்.

நான்: அத்தை, அன்று நீங்கள் கழியைத் தொட்டதாகவே ஞாபகம் இல்லையே!

அத்தை: பரிமாறி முடிக்கவே மூன்று மணி. உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது. இரை கோர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தாத்தா காட்டிக் கொடுத்தார்.

மாமா: பார்த்தாயா, வெற்றி!

அக்கா: அரை மார்க். மீதி அந்தத் தாத்தாவுக்கு.

அத்தை: அப்புறம், அக்டோபர், நவம்பரில் ஷேட் பிடிக்கத் தடை. டிசம்பரில் வையுங்கள். அப்போதும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 மீன்தான்.

மாமா: சரி, டிசம்பர். ஷெட்டில் நான்கு கழி சும்மா கிடக்கிறது. வேண்டுகிறவர்கள் இப்போதே எடுத்துப் போங்கள்.

மச்சான்: இதை ஜூனிலேயே சொல்லியிருக்கலாமே!

அத்தை: மூன்று கழி. அந்த நீலக் கழியில் யாரும் கை வைக்கக் கூடாது.