இடுக்கான பழைய வீட்டில் கைவைத்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நடுச்சுவர்:

நானே தொடங்குகிறேன், இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டால் வீடு கொஞ்சம் மூச்சு விடும் என்று நினைத்தோம். கையிலிருந்த பணத்துக்கு அந்த ஒரு வேலைதான் முடியும். நாலரை அங்குலச் சுவர். ஒன்பது அங்குலம்தான் பாரம் தாங்கும், நாலரை வெறும் தடுப்பு என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் நம்பினேன், மேஸ்திரியும் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார். கூரையை ஒட்டிய மேல் வரிசையிலிருந்து உடைக்க ஆரம்பித்தார்கள். தடுப்புச் சுவர் என்றால் அந்த வரிசை லேசாகக் கழன்று வர வேண்டும். இங்கே ஒவ்வொரு கல்லும் கடித்துப் பிடித்ததுபோல் இறுகி இருந்தது, நாலைந்து கல்லை உருவுவதற்குள்ளேயே உளி மழுங்கிவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

பாதி வரிசை போனதும் படுக்கையறைக் கதவைச் சாத்தப் போனேன். சாத்தவில்லை. காலையில் ஒரு விரலால் தள்ளினால் மூடிய கதவு, மேல் மூலையில் நிலையோடு உரசி நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கூரைப் பூச்சில் நூல் மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது, மாவு சலிப்பது போல. எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, வேலையை நிறுத்தி, இரும்பு முட்டு கொடுத்து, அதன் பிறகுதான் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டோம். சரியாக அந்தச் சுவருக்கு மேலே மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தது. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஆயிரம் கிலோ. கூரை வருடக்கணக்கில் மெல்லத் தொய்ந்து வந்து அந்தத் தடுப்புச் சுவர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கட்டும்போது பாரம் தாங்காத சுவர் பிறகு தாங்கத் தொடங்கலாம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. எடுத்த கல்லைத் திரும்ப வைத்து இறுக்கி அடைத்தோம். அந்தக் கதவு உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓதச்சுவர்:

படிக்கவே பதறுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சுவரை எடுத்தால்தான் இடம் வரும் என்று ஆரம்பித்ததே தப்பு. எங்கள் வீடு உங்களுடையதைவிடச் சின்னது, ஒரு சுவரையும் தொடாமல் மூன்று கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி நகரும் கதவாக மாற்றினோம். முக்கால் மீட்டர் அகலக் கதவு திறந்து மூட ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் தரை வேண்டும், அங்கே எதையும் வைக்க முடியாது. மூன்று கதவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் கதை வேறு. அலமாரிக்குப் பின்னால் ஓதம். ஒவ்வொரு வருடமும் சுரண்டி, பட்டி போட்டு, வண்ணம் அடிப்போம், மூன்றாம் மாதமே உப்புப் பூத்துவிடும். நான்காவது தடவை அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரில் கை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது. பூச்சு நனைந்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், முன்பு யாரோ அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது, அதனால் உள்ளே புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

வண்ணத்துக்குச் செலவு செய்வதற்கு முன் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வேர்த்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது, அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து. இதை யாராவது எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தால் மூன்று தடவை அடித்த வண்ணம் மிச்சம்.

முதலில்வயரிங்:

எங்கள் வீட்டில் டைல் ஒட்டி முடித்த மறுவாரம் குளிர்சாதனப் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தோம். அந்த இடத்தில் பிளக் இல்லை. புது டைலை வெட்டும் சத்தத்தைக் கேட்டபடி என் மனைவி அடுத்த அறையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் என் கதை, ஆனால் புதிதாக இறங்குபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடிப்பது, அப்புறம் குழாய், அப்புறம் வயரிங், அதற்குப் பிறகு பூச்சு, தரை, கடைசியில் வண்ணம். பணம் குறைவு என்று வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி போகும். பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் கம்பியே இருக்காது, அதைப் புதிதாக இழுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், ஆர்.சி.சி.பி., ஒன்று கட்டாயம் போடுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குழாயும் கம்பியும் போன தடத்தைப் பூசி மூடுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஆணி அடிக்கும்போது உயிரைக் காக்கும். அலமாரி செய்யச் சொல்லும் முன் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் மூலைகள் கோணலாக இருக்கின்றன என்று அர்த்தம், பழைய வீட்டில் ஒன்றாக இருப்பது அபூர்வம். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை, முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கை, தொடாமல் வையுங்கள், சுவரைத் திறந்ததும் அது எங்கே போகும் என்று தானே தெரியும். இன்னொன்று, தரையை உடைக்கப் பணம் இல்லையென்றால் பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டலாம், இடிக்கும் கூலி மிச்சம்.

ஈரக்கால்:

அந்தக் கடைசி வரியை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை நம்பித்தான் குளியலறையில் ஒட்டினோம். பழைய டைல் மேல் பசையும் புது டைலும் சேர்ந்து தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தது. குளியலறைத் தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்து இருந்ததே அந்த அளவுதான். முதல் நாள் இரவு அம்மா குளித்துவிட்டு வந்தார். சத்தமே இல்லாமல் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, நடையைத் தாண்டி, படுக்கைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். ஓடிப்போய்ப் பிடித்தேன். வழுக்கவில்லை. வழுக்கியிருந்தால் என்ற நினைப்புதான் தூங்க விடவில்லை.

பிறகு இரண்டு அடுக்கையும் உடைத்தோம். கீழே நீர்த்தடுப்புப் பூச்சே இல்லை. பூசி, வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைல் போட்டோம். மற்றபடி நீங்கள் வயரிங் பற்றி எழுதியது எல்லாம் சரி. காய்ந்த அறையில் டைல் மேல் டைல் ஒட்டுங்கள், கதவின் அடியை இழைத்தால் போதும். ஈர அறையில் வேண்டாம்.

பழையவண்ணம்:

சுருக்கமாக. ஜன்னல் சட்டத்தில் அடுக்கடுக்காக இருந்த பழைய வண்ணத்தைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தால் தவழும் குழந்தை அந்தத் தூளில் உள்ளங்கையை அழுத்தி, கையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். உடனே கை கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடினோம், இரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தேய்த்தேன், வேலை முடியும்வரை குழந்தை பாட்டி வீட்டில் இருந்தது.

நடுச்சுவர்:

ஓதச்சுவர் சொன்ன கதவுக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது, நன்றி. ஆனால் எங்கள் குறை இடம் மட்டும் இல்லை, சமையலறையில் வெளிச்சமே கிடையாது. அதனால் பொறியாளர் சொன்னபடி தொட்டியை வேறு மூலைக்கு மாற்றி, முட்டு கொடுத்து, மேலே பாரம் தாங்க லிண்டல் என்ற குறுக்கு விட்டம் போட்டு, அதே சுவரில் மூன்றடி அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும் எடுத்தோம். இப்போது காலை வெயில் அடுப்புவரை வருகிறது.

கூரையில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் காரை பூசி, தேதி எழுதி வைத்திருக்கிறோம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் எழுந்துபோய் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். இதுவரை உடையவில்லை.