புதுப்பிப்பு: இழைய மாதிரி விண்ணப்பம் எதுவரை வந்தது?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு வெளிநாட்டு பயோபாங்க் (ஆய்வுக்காகக் கொடையாளிகளின் இழையங்களைச் சேமித்து வைக்கும் நிலையம்) ஒன்றிடம் வாய்ப்புற்றுநோய் இழைய மாதிரி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கலாம். ஆனால் காசு கட்டியதும் பொதி வந்துவிடாது. ஆய்வுத் திட்டத்தையும் இங்குள்ள ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியையும் அவர்களது குழு பார்த்த பிறகுதான் ஒதுக்குவார்கள். கொடையாளி கொடுத்த சம்மதத்துக்குள் நம் ஆய்வு அடங்க வேண்டும். அவருடைய பெயர் வராது, குறியீட்டு எண் மட்டும்தான்.

அப்புறம் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம். அதில் நிறுவனம்தான் கையொப்பமிட வேண்டும், மாணவன் போட்டால் செல்லாது. கோப்பு இப்போது நிறுவனத்தில் கையொப்பமிட வேண்டியவரின் மேசையில்தான் தூங்குகிறது!

உறைய வைத்த மாதிரி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சுங்கத்தில் தாமதமானால், அதைக் குளிராக வைத்திருக்கும் உலர்பனி ஆவியாகிவிடும். மெழுகுக் கட்டியில் பதித்து வெட்டிய இழையச் சீவல்களுக்கு அந்தக் கவலை இல்லை, என் சாயமேற்றும் வேலைக்கு அவையே போதும்.