சிங்கப்பூரில் காலேஜ் சேர்க்கை: மார்க்குக்கு முன்னால் பாஸைப் பாருங்கள்

ஊரிலிருந்து குடும்பத்தோடு புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பையனுக்குப் பன்னிரண்டாவதில் தொண்ணூறுக்கு மேல் வரும் போல, என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கிடைக்குமா? நான் திருப்பிக் கேட்பது இரண்டு விஷயம். பிள்ளை என்ன பாஸில், அதாவது இங்கே தங்குவதற்கான எந்த அனுமதியில் இருக்கிறது, பிறந்த தேதி என்ன. சிலருக்குக் கோபம்கூட வருகிறது, மார்க்கைச் சொன்னால் இவர் ஜாதகம் கேட்கிறாரே என்று. ஆனால் இந்த ஊரில் கட்டணம், பகுதிநேர வேலை, படிப்பு முடிந்த பிறகு எத்தனை வருடம் இங்கே கட்டுப்பட்டிருக்க வேண்டும், எல்லாமே அந்த இரண்டையும் வைத்துத்தான் நடக்கிறது. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன், மற்றது பின்னால்.

அப்பாவோ அம்மாவோ எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்து பிள்ளைக்கு டிபி (டிபெண்டன்ட் பாஸ், குடும்பத்தினருக்கான அனுமதி) இருந்தால், படிக்கத் தனியாக ஸ்டூடண்ட் பாஸ் எடுக்க வேண்டியதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, பிள்ளைகளுக்கு டிபி 21 வயது வரைக்கும்தான். பதினெட்டில் சேர்ந்து நாலு வருடம் படித்தால் மூன்றாவது வருடத்தில் 21 வந்து நிற்கும், அப்போது ஸ்டூடண்ட் பாஸுக்கு மாறியே ஆக வேண்டும். இதில் பயப்பட ஒன்றுமில்லை, பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள், குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் சோலார் தளத்தில்தான் விண்ணப்பம். ஆனால் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் நினைவு வந்தால் அலைச்சல்தான்.

இன்னொன்று. ஸ்டூடண்ட் பாஸ் வைத்து என்யூஎஸ், என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாதிரி அங்கீகரித்த இடத்தில் முழுநேரமாகப் படிப்பவர்கள், பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வரைக்கும் தனி அனுமதி வாங்காமல் வேலை செய்யலாம், விடுமுறையில் அந்த வரம்பும் இல்லை. இந்தச் சலுகை ஸ்டூடண்ட் பாஸுக்கு உள்ளது, டிபிக்கு இல்லை. "டிபியிலேயே இருக்கட்டும், ஒரு வேலை மிச்சம்" என்று விட்டுவிட்டு, இன்டர்ன்ஷிப் நேரத்தில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும்போதே துறையில் கேளுங்கள், இந்தப் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயமா, டிபியில் செய்ய முடியுமா, எப்போது மாற வேண்டும் என்று.

பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கிய குடும்பங்களுக்கு வேறு கணக்கு, அதுவும் ஆண்பிள்ளை இருந்தால். வேலைக்கு வந்து பிஆர் வாங்கிய அப்பாவுக்குப் பொதுவாகத் தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) கிடையாது. அவர் மூலமாகப் பிஆர் ஆன மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டுக்கு மேல் அழைப்பு, முழுநேரமாக இரண்டு வருடம். ஏ லெவல் (நம் பன்னிரண்டாவது மாதிரியான தேர்வு) அல்லது பாலிடெக்னிக் டிப்ளமா முடிக்கும் வரைக்கும் தள்ளிவைக்கக் கேட்கலாம், பட்டப்படிப்புக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆகவே காலேஜ் என்பது சேவைக்குப் பிறகுதான். இடம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம், முன்பே விண்ணப்பித்து வாங்கிய இடத்தைப் பல்கலைக்கழகம் சேவை முடியும் வரை வைத்திருக்கும். "சேவை வேண்டாம், பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கொடுக்கலாம். ஆனால் அந்தப் பையன் பிற்பாடு இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். பிஆருக்கு விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது, பையனையும் வைத்துக்கொண்டு. அவன் வாழ்க்கையில் இரண்டு வருடம், முடிவை மட்டும் நாம் எடுத்துவிட்டு அவனுக்குத் தகவல் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

சரி, பணம். ஆறு அரசு ஆதரவுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன: என்யூஎஸ், என்டியு, எஸ்எம்யு, எஸ்யுடிடி, எஸ்ஐடி, எஸ்யுஎஸ்எஸ். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடிமகன், பிஆர், வெளிநாட்டு மாணவர் மூவரும் மூன்று விதக் கட்டணம் கட்டுவார்கள். அதற்கும் மேலே ஒன்று உண்டு, கல்வி அமைச்சின் டியூஷன் கிராண்ட் (கட்டண மானியம்) இல்லாத முழுக் கட்டணம், அதைப் பார்த்தால் தலை சுற்றும். டியூஷன் கிராண்ட் எடுத்தால் கட்டணம் நன்றாகவே குறையும், ஆனால் வெளிநாட்டு மாணவரும் பிஆரும் படிப்பு முடிந்தபின் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை செய்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட்டு அனுபவப்பட்ட நமக்கு அதன் பொருள் தெரியும். இந்த ஒப்பந்தத்தை, அதாவது பாண்டை முறித்தால் மானியத்தை வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். "படித்து முடித்ததும் அமெரிக்காவுக்கு எம்எஸ்" என்று திட்டம் வைத்திருக்கும் பிள்ளை கையெழுத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான். மற்றபடி இங்கேயே வேலை தேடப் போகிற பிள்ளைக்கு இந்த மூன்று வருடம் ஒரு சுமையே இல்லை, எப்படியும் அதைத்தான் செய்யப் போகிறது.

கடனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: டியூஷன் ஃபீ லோன் என்று வங்கி வழியாக ஒன்று உண்டு, படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது. பிஆர் பெற்றோர் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்தும் மானியம் போகக் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு எடுக்கலாம், ஆனால் அது இனாம் இல்லை. படிப்பு முடிந்தபின் பிள்ளை அதை வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பிப் போட வேண்டும்.

இப்போது மார்க்குக்கு வருவோம். ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்கும். சிபிஎஸ்இ முடிவு வருவது மே மாதம் வாக்கில். வெளிநாட்டுப் பாடத்திட்ட மாணவர்களுக்கான விண்ணப்பக் கதவு அதற்கு வெகு முன்பே, வருடத் தொடக்கத்து மாதங்களிலேயே மூடிவிடும். ரிசல்ட் வந்ததும் கவுன்சலிங் என்ற நம் ஊர்ப் பழக்கத்தோடு உட்கார்ந்திருந்தால் ஒரு வருடம் போச்சு. பதினொன்றாவது முடியும்போதே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தேதியையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். பத்தாவது மார்க்கையும் பார்ப்பார்கள், ஆகவே "பத்தாவதுதானே" என்று விடுவதும் தப்பு.

உள்ளூர்ப் பள்ளி வழியில் போகிற பிள்ளைக்கு, அதாவது ஏ லெவல் எழுதுகிற பிள்ளைக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிக் கணக்கு 2026 சேர்க்கையிலிருந்து மாறியிருக்கிறது. முன்பு 90 புள்ளிக்குப் பார்த்தது இப்போது 70. மூன்று எச்2 பாடங்களும் (முதன்மைப் பாடங்கள்) ஜிபியும் (ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலக் கட்டுரைப் பாடம்) கட்டாயம் சேரும், நான்காவது பாடமும் தாய்மொழியும் சேர்த்தால் மதிப்பு உயரும் என்றால் மட்டும் சேர்ப்பார்கள். பழைய 90 கணக்கை வைத்து அண்ணன்மார்கள் சொல்லும் "இவ்வளவு இருந்தால் இந்தப் படிப்பு கிடைக்கும்" என்ற பட்டியலை இப்போது நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு தகவல், 2027 முதல் உயர்நிலைப் பள்ளி முடிவில் ஓ லெவல், என் லெவல் என்று தனித்தனித் தேர்வு இருக்காது, எஸ்இசி என்ற ஒரே சான்றிதழ்தான்.

தமிழைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார், புதிதாக வந்த பெண்ணுக்கு இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்கலாமா என்று. ஊரில் ஏழாவது, எட்டாவது வரை தமிழில் ஒழுங்காக எழுதப் படித்த பிள்ளை என்றால் தயவுசெய்து தமிழே எடுங்கள். உயர்தமிழில் நல்ல தேர்ச்சி இருந்தால் ஜேசி (ஏ லெவலுக்குப் படிக்கிற ஜூனியர் காலேஜ்) சேர்க்கையில் இரண்டு புள்ளி சலுகை உண்டு, ஜேசியில் தமிழ் மொழியும் இலக்கியமும் ஓர் எச்2 பாடமாகவே இருக்கிறது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் படிக்கலாம். கையில் இருக்கிற பலத்தை விட்டுவிட்டு புதிதாக ஒன்றைத் தொடங்குவது ஏன் என்று எனக்குப் புரிவதே இல்லை.

பாலிடெக்னிக் என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஊரில் பத்தாவதில் மார்க் குறைந்தால் டிப்ளமா என்ற நினைப்பு. இங்கே ஐந்து பாலிடெக்னிக், மூன்று வருடப் படிப்பு, ஏப்ரலில் தொடங்கும், அங்கிருந்து ஜிபிஏவை (கிரேடுகளின் சராசரியை) வைத்துப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் நிறைய. எஸ்ஐடி முழுக்கவே தொழில் சார்ந்த படிப்புகளுக்கான இடம், அங்கே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் டிப்ளமா முடித்த பிள்ளைகள்தான். கையால் செய்து பார்த்தால் புரிந்துகொள்கிற பிள்ளையை ஜேசியில் தள்ளி இரண்டு வருடம் பரீட்சைக்காகவே படிக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஏ லெவல் இரண்டே வருடம், ஆனால் மூச்சு முட்டும்.

தனியார் கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாக. சென்னையிலும் திருச்சியிலும் ஏஜெண்டுகள் "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். தனியார் கல்லூரி ஸ்டூடண்ட் பாஸில் பகுதிநேர வேலை செய்ய அனுமதி இல்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அவர்களோடு பேச ஒன்றுமில்லை. நல்ல தனியார் இடங்களும் இருக்கின்றன, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கே நடத்துவார்கள். அப்படிச் சேர்வதானால் எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்று இருக்கிறதா, கட்டணப் பாதுகாப்பு இருக்கிறதா, பட்டம் கொடுப்பது யார் என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பணத்தை ஏஜெண்டின் கையில் கொடுக்காமல் கல்லூரிக்கே கட்டுங்கள்.

டாக்டர் கனவு உள்ளவர்களுக்கு ஒரு வரி. இந்தியாவில் எம்பிபிஎஸ் என்றால் நீட் வேண்டும், நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஜேசியில் பாடம் எடுக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் ஒன்று விட்டுப்போகும். இந்த முடிவைப் பதினாறு வயதிலேயே எடுத்தாக வேண்டும், பின்னால் சரிக்கட்டுவது கஷ்டம்.

சேர்ந்த பிறகு என்ன? ஒரு பருவத்தில் 13 வாரம் பாடம், நடுவில் ஒரு வாரம் இடைவெளி, கடைசியில் படிப்பதற்கு ஒரு வாரம், பிறகு தேர்வு. பெரிய அரங்கில் லெக்சர், அது பரவாயில்லை, நம் பிள்ளைகள் குறிப்பெடுத்துவிடுவார்கள். சிக்கல் டுட்டோரியலில். இருபது பேர் உட்கார்ந்து பேசுகிற வகுப்பு, பேசினால்தான் மார்க். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று அடக்கமாக உட்காரும் பிள்ளை ஆசிரியர் கண்ணுக்குத் தயார் செய்யாமல் வந்த பிள்ளையாகத்தான் தெரியும். முதல் வாரமே ஒரு கேள்வியாவது கேட்டுவிடச் சொல்லுங்கள், அப்புறம் தானாக வரும். குழு வேலைகள் ஏராளம், கூட வேலை செய்தவர்களும் மதிப்பெண் போடுவார்கள் சில பாடங்களில். நண்பன் கட்டுரையை வாங்கி வார்த்தையை மாற்றி எழுதுவதெல்லாம் இங்கே பெரிய குற்றம், ஏஐயைப் பயன்படுத்தினால் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் விதி வேறு.

முதல் வருட மார்க்கைப் பார்த்து இடிந்துபோகும் பிள்ளைகள் உண்டு, பள்ளியில் முதல் மாணவராக இருந்துவிட்டு இங்கே பி மைனஸ் வாங்கும்போது. எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் மாணவர்தான், கிரேடும் பெரும்பாலும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான். என்யூஎஸ்ஸில் எஸ்/யூ என்று ஒரு வசதி இருக்கிறது, சில பாடங்களின் கிரேடு ஜிபிஏவில் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். என்டியுவிலும் அதே மாதிரி உண்டு. வெட்கப்படாமல் பயன்படுத்தட்டும். வீட்டில் போன் போட்டு "ரேங்க் என்ன" என்று கேட்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

விடுதி கிடைத்தால் முதல் வருடமாவது எடுங்கள், குறிப்பாக என்டியு. பொங்கோலில் வீடு வைத்துக்கொண்டு தினமும் ஜூரோங் மேற்குக் கோடிக்குப் போய்வருவது படிப்பைத் தின்றுவிடும். என்யூஎஸ்ஸில் தமிழ்ப் பேரவை, என்டியுவில் தமிழ் இலக்கிய மன்றம் இரண்டும் சுறுசுறுப்பானவை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே சுற்றினால் குழு வேலையில் தவிக்கும். முகாம், விளையாட்டு, ஏதாவது ஒன்றில் வேறு ஆட்களோடு இருக்கட்டும்.

படிப்பு முடிந்ததும் பாஸ் கேள்வி மறுபடி வரும். வேலை தேடுவதற்கென்று ஒரு வருட நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்தாலும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் தானாக வராது, 2025 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200, அதோடு காம்பஸ் என்ற தகுதி மதிப்பீட்டுப் புள்ளிகளும் தேற வேண்டும். டியூஷன் கிராண்ட் பாண்ட் இருக்கிறது என்பதற்காக யாரும் பாஸ் கொடுத்துவிட மாட்டார்கள், வேலையைப் பிள்ளைதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நம் ஆட்களுக்கு மட்டுமே வருகிற ஒரு தலைவலி: பெயர். மார்க் ஷீட்டில் "கார்த்திக் ஆர்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து "கார்த்திக் ராமசாமி", பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். மற்ற தாள்களில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதமோ நோட்டரி உறுதிமொழியோ ஊருக்குப் போகும்போது வாங்கி வந்துவிடுங்கள், டிசம்பர் லீவில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டு.