பல் பிடுங்கியும் போகாத வலி, அம்மாவுக்கு அடுத்து என்ன செய்வது?

அம்மாவுக்கு 61 வயது, ஊர் திண்டுக்கல். வலப்பக்கக் கீழ்த்தாடையில் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று வலி. சில நொடிதான், நின்றுவிடும். அப்புறம் திரும்ப வரும். பல் துலக்கினால், பேசினால், ஃபேன் காற்று கன்னத்தில் பட்டால்கூட வருகிறது.

போன ஆவணியில் தொடங்கியது. பல்வலி என்றே நினைத்தோம். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார்கள், போகவில்லை. அந்தப் பல்லையே பிடுங்கினார்கள். பக்கத்துப் பல்லையும் எடுக்கலாம் என்றபோதுதான் நரம்பு மருத்துவரிடம் ஓடினோம். டிரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்தின் உணர்வு நரம்பில் வரும் வலி என்றார். எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துகிறது. நல்ல பல் ஒன்று வீணாகப் போனதுதான் மிச்சம்.

இந்த நரம்பு வலிக்கான கார்பமாஸெபைன் மாத்திரை 100 மி.கி. இரு வேளையில் தொடங்கி, இப்போது 200 மூன்று வேளை. முதல் இரண்டு மாதம் நன்றாகக் கேட்டது. இப்போது வலியும் வருகிறது, தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது, ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) 128க்கு இறங்கிவிட்டது. சோற்றைக் கரைத்து இடப்பக்கமாகவே குடிக்கிறார். நேற்று யாரும் தொட்டுவிடக் கூடாதென்று கன்னத்துக்கு முன்னால் கையை விரித்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியவில்லை.

மருத்துவர் சொல்லும் வழி இரண்டு. காதுக்குப் பின்னால் திறந்து ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் அறுவை சிகிச்சை ஒன்று. கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சூடாக்கும் ரேடியோ ஃப்ரீக்வென்சி இன்னொன்று. இதில் கன்னம் மரத்துப்போகலாம், வலி திரும்பவும் வாய்ப்பு அதிகமாம். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

60 வயது தாண்டிய உங்கள் வீட்டார் இந்த இரண்டில் எதைச் செய்துகொண்டார்கள், அதன்பின் எத்தனை காலம் வலியில்லாமல் இருந்தார்கள்?